நுவரெலியாவில் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம்?

நானுஓயாவில் இறங்கி நுவரெலியா டவுனுக்கு வந்து சேர்வதற்குள் குளிர் பசியைக் கிளப்பிவிடும். ரயிலில் வாங்கிய இறால் வடையெல்லாம் அதற்குப் போதாது. நான் முதலில் போவது புதிய பஜார் வீதிக்குத்தான். அங்குள்ள கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸும் பணிஸும் அடுக்கியிருக்கும். ஒரு தட்டு நிறைய மேசைக்கு வரும். தின்றதை எண்ணிக் காசு வாங்குவார்கள். மரக்கறிச் சாப்பாடு வேண்டியவர்கள் அம்பாள்ஸில் தோசை கேட்கலாம். புரியாணிக்கும் கொத்துக்கும் மிலானோ இருக்கிறது.

ஏப்ரல் சீசனில் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் வந்துவிட்டால் கொழும்பில் பாதிப்பேர் இங்கேதான். இப்போது ஏரிப் பக்கமும் லபுக்கலை வீதியிலும் தேநீர் மனைகளும் காப்பிக் கடைகளும் பெருகிவிட்டன. பார்க்கச் சந்தோஷமாகவே இருக்கிறது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலை தெரிகிற ஒரு கடையில், எனக்கு வெந்நீரும் நூல் கட்டிய தேயிலைப் பையும் தந்தார்கள். அன்றைக்கு மனம் நொந்துபோனேன். எங்கே போனாலும் "பி.ஓ.பி. தூள் போட்டு ஊத்துங்க" என்று கேளுங்கள். அந்தத் தூள் இந்த மலையிலேயே அரைபடுகிறது.

இந்த ஊரில் சாப்பாட்டு மேசைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் ஓய்வெடுக்கக் கட்டிய மாளிகைதான் பின்னாளில் கிராண்ட் ஹோட்டல் ஆனது. அதன் வளவுக்குள் இருக்கும் கிராண்ட் இந்தியன் உணவகத்தில் நல்ல நாணும் கறியும் கிடைக்கும். ஹில் கிளப்பை 1876இல் தோட்டத் துரைமார் தொடங்கினார்கள். வெளியாட்கள் இன்றைக்குத் தற்காலிக உறுப்பினர் கட்டணம் கட்டி உள்ளே போகலாம். இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் டையும் போட வேண்டும். இல்லாதவருக்கு அங்கேயே இரவல் உண்டு. அதில் ஒரு பார் நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்தது. அங்கே கணப்பின் முன்னால் உட்கார்ந்தபோது, இதே குளிரில் லயத்துக் காம்பராவில் அடுப்படியில் சுருண்டு கிடந்த தோட்டத் தொழிலாளர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர்களில் சிலர் இந்த அறைகளுக்குள்ளும் வந்திருப்பார்கள், தட்டு ஏந்திக்கொண்டு.

பியர் குடிப்பவர்களுக்கு ஒரு செய்தி. சாமுவேல் பேக்கர் 1849இல் இந்த ஊரில்தான் பியர் வடிக்கத் தொடங்கினார். இன்றைய லயன் பியரின் வேர் அது. வடிசாலை பின்னர் பியகமவுக்குப் போய்விட்டது. பௌர்ணமி நாளில் வந்தால் எங்கும் ஒரு துளி விற்கமாட்டார்கள். போயா தினத்தைப் பார்த்துப் பயணம் வையுங்கள்.

பாரைப் பற்றி எழுதும்போது தவறணையை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்துச் சனங்களுக்கு அதுதான் தெரிந்த பார். சம்பள நாளில் அங்கே நிற்கிற கூட்டத்தில் பெண்களைக் காணமுடியாது. அவர்கள் கொழுந்தெடுத்துச் சம்பாதித்த காசு மட்டும் அங்கே போய்ச் சேரும். பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாதென்று 1979இல் கொண்டுவந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பி எடுக்க வைத்தார். யார் குடிக்கலாம் என்று நாடே பேசியது. குடித்துத் தீர்ந்த சம்பளம் யாருடையது என்று பேசியவர்கள் குறைவு.

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் மூடிய தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது. கொழுந்து வாட்டிய மாடிகளில் இப்போது படுக்கையறைகள். வெளியே நிற்கிற பழைய ரயில் பெட்டிக்குள் ஓர் உணவகம். பொகவந்தலாவைப் பக்கம் துரை பங்களாக்கள் சிலவற்றை 2005இல் சிலோன் டீ டிரெய்ல்ஸ் விருந்தினர் இல்லங்களாக்கியது. துரைக்குச் சமைத்த அப்புவின் கைப்பக்குவந்தான் அந்த வகைச் சாப்பாட்டின் மூலம். 2024 வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வேளை சாப்பிட முடியாது.

அதனால் ஒருநாளை ஹட்டனுக்கு ஒதுக்குங்கள். அழகான டவுன் என்று சொல்லமாட்டேன். பஸ் புகை, சகதி, இரைச்சல். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களால் இராவிலும் அடுப்பு அணையாத கடைகள் உண்டு. ஆனாலும் என்னை இழுப்பது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னக் கடை. நாலே நாலு மேசை. கடைக்காரத் தம்பி லயத்தில் பிறந்தவர். கொழும்பு ஹோட்டல் குசினிகளில் பாத்திரம் கழுவத் தொடங்கி, மா பிசைந்து, கொத்துத் தகடு வரை போய்த் திரும்பி வந்தவர். அவர் போடும் தேங்காய் ரொட்டி, கொழுந்து மலைக்குத் துணியில் முடிந்து கொண்டுபோகிற அதே ரொட்டி. கூடவே அம்மியில் அரைத்த கட்டைச் சம்பல். வாயில் உறைக்கும், கண்ணில் நீர் வரும், இன்னொன்று கேட்பீர்கள்.

போன முறை பக்கத்து மேசையில் ஒரு வயதான அம்மா, பேத்தியோடு. பை நிறையச் சாமான். ரொட்டியைப் பிய்த்துப் பேத்திக்கு ஊட்டிவிட்டு, தானும் மெதுவாகச் சாப்பிட்டார்.

"ஆத்தா, இன்னொன்னு வைக்கவா?"

"வை தம்பி. சாயம் கூட்டி ஒரு பிளேன்டீயும் குடு."

வெளியே கண்டக்டர் பொகவந்தலாவை, பொகவந்தலாவை என்று கத்தினார். பேத்தி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. அந்த அம்மா அதன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"இரு, அடுத்த பஸ்ல போவோம்."