பதினேழாம் பலூன்

பத்துமலைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு கியூசி வேலை. வீட்டில் "அளந்து பாக்குற வேலை" என்பார்கள். சரிதான். ஆனால் அளப்பதற்கு முன்னால் எண் போட வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பும் டிராயிங்கில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் வட்டம் போட்டு ஓர் எண் எழுதுவோம். அதற்குப் பெயர் பலூன். துளையின் விட்டம் 17 என்றால் ரிப்போர்ட்டிலும் அது 17தான். விமானப் பாகங்களின் முதல் உருப்படிச் சோதனைக்கு ஏஎஸ்9102 என்றொரு தரவிதி இருக்கிறது. அதன் படிவத்தில் இந்த எண்ணுக்கென்றே தனிக் கட்டம் உண்டு. எந்த அளவை யார், எந்தக் கருவியால் பார்த்தார்கள் என்று பின்னால் தேடுவதற்கு அந்த எண்ணை விட்டால் வேறு பிடி கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு டிராயிங் திருத்தி வந்தது. ஒன்பதாம் அளவை நீக்கியிருந்தார்கள். நடுவில் பல் விழுந்த மாதிரி இருக்கிறதே என்று, அடுத்து வந்த எண்களையெல்லாம் ஒவ்வொன்று குறைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. 18ஆக இருந்த துளை ஆழம் 17 ஆனது. பத்துமலையில் 272 படி என்று இங்கே குழந்தைகூடச் சொல்லும். அடியில் ஒரு படியைப் பெயர்த்தால் மேலே எல்லாப் படிக்கும் எண் மாறும், படி மட்டும் அங்கேயே இருக்கும். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

வாடிக்கையாளர் போன் போட்டு, "17ஐ மறுபடி பாருங்க" என்றார். மெஷின்ல நின்ற அண்ணன் கையில் பழைய தாள். பிளக் கேஜ் விட்டுப் பார்த்தார். "விட்டம் சரியாத்தான் இருக்கு தங்கச்சி." நானும் ஓகே எழுதினேன். 40 உருப்படி போனது, 40ம் திரும்பி வந்தது. ஆழம் அரை மில்லிமீட்டர் குறைவு.

எச்சரிக்கைக் கடிதம் அண்ணனுக்கு. பழைய தாளை வைத்திருந்தது அவர் தப்பாம். புதிய தாளை அவரிடம் கொடுத்திருக்க வேண்டியவள் நான். கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. நாலு நாள் கழித்து பாஸிடம் போய்ச் சொன்னேன். "லெட்டர் ஃபைலுக்குப் போயிருச்சு லா" என்றார். அண்ணனிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அடுத்த தடவ சொல்லிட்டு மாத்துமா" என்றதோடு சரி. அந்த வருஷம் அவருக்கு போனஸ் குறைந்தது.

இப்போதெல்லாம் நீக்கிய எண்ணை வேறொன்றுக்குத் தருவதில்லை. 9க்கு நேரே 'நீக்கப்பட்டது' என்று எழுதிவிடுகிறேன். புதிய அளவு வந்தால் கடைசி எண்ணுக்கு அடுத்தது. அதனால் 12க்குப் பக்கத்திலேயே 43 உட்கார்ந்திருக்கும். போன வாரம் புதுப் பையன் கேட்டான்: "நம்பர் ஏன்கா ஒழுங்கா இல்ல?"

பக்கத்து மெஷினில் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். எந்தத் தாளை நான் கொடுத்தாலும், அதன் தேதியைப் பேனாவால் சுழித்துவிட்டுத்தான் இன்றும் வேலையைத் தொடங்குகிறார்.