படிக்காமல் விட்ட கடைசிக் கட்டம்

பெங்களூருவில் மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளிவிவரக் கணக்குப் போடுவது என் வேலை. பதினோரு ஆண்டாகிறது. இங்கே நான் செய்த தவறு ஒன்றை வீட்டில்கூட இதுவரை சொன்னதில்லை.

இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்து, தேறி வீடு திரும்பியவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு அது. எனக்கு வந்தது ஓர் எக்செல் கோப்பு. அதில் 31 பேருக்கு நேராக 99 என்றிருந்தது. ஃபாலோ-அப்புக்கு வரவில்லை என்று அதற்கு அர்த்தம். அவர்களை ஒதுக்கிவிட்டு, மீதிப் பேரை வைத்து ஓராண்டில் எத்தனை சதவீதம் பிழைத்தார்கள் என்று கணக்கிட்டேன். எல்லோருக்கும் பிடித்த எண் வந்தது.

கூட்டத்தில் டாக்டர் கேட்டார்: “அந்த 31 பேர் என்ன ஆனாங்க?”

“அது மிஸ்ஸிங் அட் ரேண்டம் டாக்டர், ரிசல்ட் மாறாது” என்றேன். வராததற்கும் உடல்நிலைக்கும் தொடர்பில்லை என்று எடுத்துக்கொள்ள என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் அவர் மேலே பேசமாட்டார் என்று தெரியும், தெரிந்தேதான் சொன்னேன். கதவோரம், மடியில் நோட்டுடன் உட்கார்ந்திருந்த கள ஊழியர் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன். அந்த எண் ஒரு கருத்தரங்கிலும் வாசிக்கப்பட்டது.

மூன்று மாதம் கழித்து வேறொரு சந்தேகத்துக்காகக் காகிதப் படிவங்களைப் புரட்டினேன். அந்த 31 பேரின் படிவங்களில் கடைசிக் கட்டத்தில் நீல மையில் கன்னடக் கையெழுத்து. எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. அந்த அம்மாவையே கூப்பிட்டேன். எழுத்தின் மேல் விரல் வைத்துப் படித்தார். “ஊரிகெ ஹோகித்தாரே.” ஊருக்குப் போயிருக்கிறார். தாளைத் திருப்பினார். “தீரிஹோதரு.” இறந்துவிட்டார். அடுத்த தாளும் தீரிஹோதரு. 31 தாளில் 14 அப்படி.

“எல்லாம் எழுதி வெச்சிருக்கேன் சார், யாரும் கேக்கலை” என்றார், எனக்காகத் தமிழிலேயே. அந்தக் கட்டத்தை டேட்டா என்ட்ரியில் ஏற்ற வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். எண்ணாக இல்லாதது எனக்கு எதற்கு என்று நினைத்தேன்.

ஆய்வு முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி என்று ரொனால்ட் ஃபிஷர் 1938-இல் கல்கத்தா மாநாட்டில் சொன்னார். அதைச் சொல்லியே பல டாக்டர்களைக் குறை கூறியிருக்கிறேன். இந்த ஆய்வில் என்னை முதல் நாளே கூப்பிட்டிருந்தார்கள். மாதிரி அளவைக் கணக்கிட்டு அனுப்பிவிட்டு, கோப்பு வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இதே ஊரில், பல்லாரி சாலையில், தேசிய காசநோய் நிறுவனம் இருக்கிறது. 1961 முதல் 1968 வரை அதன் ஆட்கள் பெங்களூரு மாவட்டத்து 119 கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். சளியில் கிருமி இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், 49 சதவீதம், ஐந்தாண்டுக்குள் இறந்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ‘அவர் எங்கே’ என்று ஒருவர் கேட்டதால் கிடைத்த எண் அது. அங்கே நான் இருந்திருந்தால் அவர்களுக்கெல்லாம் 99 போட்டிருப்பேன். மாணவனாக அந்த ஆய்வின் கட்டுரையைப் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான்.

மறுநாள் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அன்னிக்கு நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்” என்றார். அந்தப் பழியில் அவருக்குப் பங்கு இல்லை. கருத்தரங்குக்குத் திருத்தம் எழுதினோம்; முழுக் கட்டுரை சரியான எண்ணோடுதான் அச்சேறியது.

இப்போது எந்த ஆய்வானாலும் முதல் மாதமே கள ஊழியர்களோடு இரண்டு வீடாவது போகிறேன். படிவத்தை அவர்கள் நிரப்பும்போது பக்கத்தில் உட்காருகிறேன். கன்னட எழுத்தும் கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் படிக்க வருகிறது.

அச்சான கட்டுரையில் ஏழு பேர் பெயர் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயர் ஆசிரியர் வரிசையிலும் இல்லை, நன்றிப் பகுதியிலும் இல்லை. சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை.