வாசிக்காத நூலுக்கு வழங்கும் தீர்ப்பு



ஒரு நூலுக்குப் பெரிய பரிசு கிடைத்துவிட்டால் நம்மில் இரு சாரார் தோன்றிவிடுகின்றனர். பரிசு கிடைத்ததாலேயே அதனை மெச்சுவோர் ஒரு சாரார். கொடுத்தவர்கள் மேற்கத்தியர் என்பதாலேயே ஏசுவோர் மறு சாரார். இரு சாராரிலும் அந்நூலைப் புரட்டிப் பார்த்தவர்கள் சொற்பமே.

எகிப்திய எழுத்தாளர் நஜீப் மஹ்பூழின் ‘அவ்லாது ஹாரதினா’ (எமது தெருவின் பிள்ளைகள்) என்ற நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் கெய்ரோவின் ‘அல்அஹ்ராம்’ பத்திரிகையில் அது தொடராக வெளிவந்தது. ஒரு தெருவின் முதியவர், அவரது வழித்தோன்றல்கள் என்ற கதைக்குள் நபிமார்களின் வரலாறு உருவகமாகப் புகுத்தப்பட்டிருப்பதைப் பலரும் கண்டுகொண்டனர். அதன் அத்தியாயங்களும் 114. அஸ்ஹர் உலமாக்கள் கண்டித்தனர். எகிப்தில் நூலுருப் பெறாத அக்கதை 1967இல் பெய்ரூத்தில் அச்சாகியது.

1988இல் மஹ்பூழுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அரபு மொழி எழுத்தாளர் ஒருவர் இலக்கியத்துக்கான அப்பரிசைப் பெற்றது அதுவே முதற்தடவை. அவரது வாழ்நாள் பணிக்கே பரிசு வழங்கப்பட்டது. எனினும் பரிசு அறிவித்தல் இந்நாவலையும் குறிப்பிட்டது. அடங்கிக் கிடந்த சர்ச்சை மீண்டும் மூண்டது. 1994 ஒக்டோபர் 14ஆம் திகதி, 82 வயதான அவரது கழுத்தில் ஓர் இளைஞன் கத்தியால் குத்தினான். உயிர் தப்பினார்; ஆனால் எழுதும் வலக்கை நரம்பு பாதிக்கப்பட்டது. குத்தியவன் அந்நாவலை வாசித்திருக்கவே இல்லை!

நபிமார்களைக் கதாபாத்திரங்களாக்கி, கற்பனையை அவர்கள் மீது ஏற்றுவதை நம்மால் ஏற்க முடியாது. நோபல் பரிசு இதனை மாற்றிவிடாது. பரிசு எழுத்தாற்றலுக்கு உரியது. அகீதாவுக்கு அது சான்றிதழ் அல்ல.

ஆனால், அலீ (ரழி) அவர்களை யமனுக்குக் காழியாக அனுப்பியபோது, மறுதரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்கக் கூடாதென நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஒரு வேலித் தகராறுக்கே இந்த நிபந்தனை என்றால், ஒரு மனிதனின் ஈமானைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும்?

ஷெய்க் முஹம்மத் அல்கஸ்ஸாலி அந்நாவலை ஆரம்பத்திலேயே எதிர்த்தவர். அவரே கத்திக்குத்தின் பின் வைத்தியசாலைக்குச் சென்று மஹ்பூழை நலம் விசாரித்தார். மஹ்பூழும் அஸ்ஹரின் இணக்கமின்றி அந்நூலை எகிப்தில் அச்சிட விரும்பவில்லை. 2006இல் அவர் காலமான பின்னரே அது அங்கு வெளிவந்தது. கருத்து வேறுபாட்டுக்கும் ஓர் அதபு உண்டென்பதை இவ்விருவரிடமும் காண்கிறோம்.

பெற்றோர்களே! பிள்ளை ஒரு சர்ச்சைக்குரிய நாவலை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பறித்தெறியாதீர்கள். பறித்த நூலை மறைவில் தேடி வாசிப்பார்கள். அப்போது பக்கத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். நீங்களும் வாசியுங்கள். எந்த இடம் பிழை, ஏன் பிழை என்று பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். வாசிக்க அவகாசமில்லையா? “எனக்குத் தெரியாது” என்று சொல்லுங்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களே எத்தனையோ கேள்விகளுக்கு அப்படிச் சொன்னார்கள். அதனால் அவர்களின் மதிப்புக் குறையவில்லை.

அல்லாஹ் நமது நாவையும் கரத்தையும் அநீதியிலிருந்து காப்பானாக! ஆமீன்.