பாதியில் குளிர்ந்துபோகும் ஷவர்

பிரிட்டன் வீடுகளில் பரவலாகக் காணப்படும் மின்சார ஷவர், வெந்நீரைத் தொட்டியில் சேர்த்துவைக்கும் கீசரைப் போலன்றி, குழாயில் வரும் குளிர்ந்த நீரை ஓடும்போதே சூடாக்கித் தருவது. 7.5 முதல் 10.8 கிலோவாட் வரை மின்திறனை இழுக்கும் இக்கருவி, குளித்துக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி நின்றுபோனால், அதைச் சரிசெய்யும் வேலை குழாய்த் தொழிலையும் மின்தொழிலையும் ஒருங்கே தழுவுவதால், இரண்டின் நுணுக்கமும் கைவந்தவரே அதில் தேர்ந்தவராகிறார்.

கருவியைத் திறப்பதற்கு முன்பே, வீட்டாரிடம் கேட்கும் கேள்விகளில் பழுதறிதல் தொடங்கிவிடுகிறது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கையில் சூடு மட்டும் போய், சற்று நேரத்தில் திரும்பிவிடுகிறது என்றால், வெப்பக் கட்-அவுட் இயங்கியிருக்கிறது என்று பணியாளர் கொள்கிறார்; நீர் சூடாகும் கலத்தின் வெப்பம் வரம்பைத் தாண்டும்போது, நீரைச் சூடாக்கும் காயிலுக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்து, ஆறியதும் தானே இணைக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் அது. தண்ணீரும் சேர்ந்து நின்றால், நீரைத் திறந்துவிடும் வால்வும் மின்சாரத்தால் இயங்குவது என்பதால், ஐயம் மின்வழியின் மீது திரும்புகிறது.

கட்-அவுட் துண்டிப்பது பெரும்பாலும் அதன் குற்றமன்று. 8.5 கிலோவாட் கருவியில் நிமிடத்துக்கு 4 லிட்டர் நீர் ஓடினால் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் உயரும். ஓட்டம் 3 லிட்டராகக் குறைந்தால் அதே மின்திறன் 40 பாகை உயர்த்திவிடும். லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் சுண்ணப்பாறை வழியே ஊறிவரும் கடினநீர், ஷவர் தலையின் துளைகளில் வெண்படிவாக இறுகி ஓட்டத்தை நெரிக்கிறது. எனவே பணியாளர் முதலில் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, வெறுங்குழாயில் நீரை ஓடவிட்டுப் பார்க்கிறார். அப்போது சூடு நிலைத்து நின்றால், தலையை வினிகரில் ஊறவைத்துத் தேய்ப்பதோடு வேலை முடிந்துவிடும். நிலைக்காவிட்டால், நீர் நுழையும் இடத்து வடிகட்டியும், அதன்பின் காயிலின் மீதே படிந்த சுண்ணாம்பும் சோதனைக்கு வருகின்றன.

மூடியைத் திறக்குமுன் மின்சாரத்தை நிறுத்துவது மட்டும் போதாது. சோதனைக் கருவியை மின்சாரம் உள்ளதென்று தெரிந்த இடத்தில் வைத்து, பிறகு ஷவரின் முனைகளில் வைத்து, மீண்டும் முதல் இடத்திலேயே வைத்துப் பார்ப்பது முறை. சோதனைக் கருவியே பழுதாகிப் பொய் சொல்லவில்லை என்பது மூன்றாம் சோதனையில்தான் உறுதியாகிறது. மின்வழியின் மீது ஐயம் எழுந்தால் பார்க்க வேண்டியது, கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்து இயக்கும் சுவிட்ச்; அது 40 ஆம்பியருக்கு மேலும் தாங்க வேண்டியிருப்பதால், அதன் திருகு சற்றே தளர்ந்தாலும் முனை சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகி, செம்புக்கம்பி கருகுகிறது.

காரணத்தைத் தேடாமல் கட்-அவுட்டை மட்டும் மாற்றினால் பழுது திரும்பிவரும். கட்-அவுட்டைத் தவிர்த்துக் கம்பியை நேரே இணைத்தாலோ குளிப்பவரின் உடல் வெந்துபோகும் அபாயம் நேரும். புதிய பாகம் எதுவும் போடாத வேலைக்குக் கூலி எதற்கு என்று கேட்பவர்கள், அந்தப் பாகம் தேவையில்லை என்று கண்டறிந்ததற்கே அக்கூலி உரியது என்பதை உணர வேண்டும்.