வெறும் மேசைக்கு என்ன எழுதுவது?

ஊர் வரலாறு என்று கண்காட்சி வைப்பதென்றால் முதல் வேலை சாமான் சேர்ப்பதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் மண்டபம், நாலைந்து மேசை, மூன்று கிழமை அவகாசம். 1990 தொடக்கம் 1996 வரையான காலத்தை எடுத்துக்கொண்டோம். எங்களில் பாதிப்பேர் அப்போது பிறக்கவேயில்லை.

பொருளாதாரத் தடைக்கால மேசை இரண்டே நாளில் நிறைந்தது. ஜாம் போத்தல் விளக்கு, ரேடியோ கேட்கச் சுற்றிய சைக்கிள் டைனமோ, கொப்பித்தாளில் அச்சடித்த பேப்பர். 1995 மேசைக்கும் குறைவில்லை. றங்குப்பெட்டி வந்தது, நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போன சைக்கிளும் வந்தது.

1990 ஒக்ரோபர் மேசைக்கு மட்டும் ஒன்றுமே வரவில்லை.

அந்த மாதம் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலும் இருந்த ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்ரோபர் 30 அன்று கிடைத்தது இரண்டு மணித்தியாலம். நகையையும் பணத்தையும் பறித்துக்கொண்டுதான் விட்டார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30 அன்று, வலிகாமத்துத் தமிழர்கள் ஊரை விட்டுப் போனார்கள்.

திகதி ஒன்று என்பதால் இரண்டுக்கும் 'இடப்பெயர்வு' என்று ஒரே தலைப்புப் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நிலையத்துப் பெரியவர் ஒருவரும் அதைத்தான் விரும்பினார். "பிள்ளையள், பழசை ஏன் கிண்டுவான்? பொதுவா எழுதிவிடுங்கோ."

பொதுவாக எழுதினால் யார் செய்தது என்பது காணாமல் போய்விடும். 1995இல் இராணுவம் முன்னேறி வந்தது, புலிகள் வெளியேறச் சொன்னார்கள், சனம் போனது. அடுத்த வருடமே பெரும்பகுதி திரும்பி வந்தது. 1990இல் ஒரு சமூகத்தை மட்டும் தெரிந்தெடுத்து அனுப்பினார்கள். அவர்களில் பலர் இன்றும் புத்தளத்தில்தான் இருக்கிறார்கள். 'வெளியேற்றப்பட்டனர்' என்று எழுதுவதுகூட எங்களுக்குப் போதவில்லை. அந்த வசனத்தில் எழுவாயே இல்லை.

சோனகதெருவுக்குத் திரும்பி வந்திருக்கும் ஒரு அம்மாவிடம், அந்தக் காலத்துச் சாமான் ஏதாவது இருக்கா என்று கேட்டோம். சிரித்தார். "சாமான் இருந்தா எடுத்துத் தந்திருப்பனே மகன். தையல் மெசினில அரைவாசி தைச்ச சட்டை கிடந்தது. அதைக்கூட எடுக்கேல்ல."

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு விளங்கியது: சாமானை வைத்து மட்டும் வரலாறு சொன்னால், சாமானைக் காவிக்கொண்டு போக முடிந்தவர்களின் வரலாறுதான் வரும். ஆகவே மேசையை வெறுமையாகவே விட்டோம். மேலே ஒரு மட்டை: "1990 ஒக்ரோபர் 30. விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றினார்கள். எதையும் எடுத்துப்போக விடாததால் இந்த மேசையில் எதுவும் இல்லை." பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கழற்றச் சொல்லவுமில்லை.

பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் வைத்திருந்தோம். பார்க்க வந்த வயதானவர்கள் ஐந்துசந்தியில் சட்டை தைத்த கடை, கூடப் படித்த சிநேகிதியின் பெயர், நோன்புக்கஞ்சி வந்த பக்கத்து வீடு என்று எழுதினார்கள். ஒருவர், பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போனதைத் தான் பார்த்ததாக எழுதிவிட்டுப் பெயர் போடாமல் போனார்.

கண்காட்சி முடிந்துவிட்டது. கொப்பி இன்னும் நிலையத்தில் இருக்கிறது, பக்கங்களும் மிச்சம் இருக்கின்றன. உங்கள் அம்மம்மாவுக்கு ஏதாவது ஞாபகம் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.