அசிசியில் கண்ட கொம்பு

இத்தாலியின் பெரூஜா நகரில் மொழி பயின்ற காலத்தில், ஒரு விடுமுறை நாளில் புகைவண்டியேறி அசிசிக்குச் சென்றேன். சுபாசியோ மலைச்சரிவில் இளஞ்சிவப்புக் கற்களால் எழுந்த பழம்பதி அது. அடுத்த குன்றூரான ஸ்பெல்லோவையும் காண எண்ணியிருந்தேன். அசிசியிலேயே பொழுது சாய்ந்துவிட்டது.

புனித பிரான்சிஸ் ஆலயத்தின் மேல்தளச் சுவரில் ஓர் ஓவியம். சிலுவைப் போர் மூண்டிருந்த 1219-ல் எகிப்து சுல்தான் மலிகுல் காமிலின் அவையில் பிரான்சிஸ் நிற்கிறார். நெருப்புச் சோதனைக்கு அஞ்சி நம் ஆலிம்கள் நழுவுகின்றனர்! அக்காலத்தில் வாழ்ந்த கிறிஸ்தவ ஆயரே எழுதிய குறிப்பில் இந்நெருப்பு இல்லை. சுல்தான் அவரைக் கண்ணியத்துடன் நடத்திப் பத்திரமாகத் திருப்பியனுப்பிய செய்தியே உண்டு. நெருப்புக் கதை பின்னர் சேர்ந்தது.

கசந்த மனத்தோடு கீழே இறங்கினேன். அங்கே ஒரு தந்தக் கொம்பு. சுல்தான் அளித்தது என்பது அவர்களின் மரபு. பிரசங்கத்திற்கு மக்களை அழைக்க அதைத்தான் பிரான்சிஸ் ஊதுவாராம். அதன் முன் நெடுநேரம் நின்றேன்.