தாத்தாவும் விஜயந்தாவும்

"அறிவியல் கண்காட்சிக்கு நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று சிஸ்டர் கேட்டார். "டேங்க் செய்யப் போகிறேன், சிஸ்டர்" என்றேன். பட்டியலில் என் பெயருக்கு நேராக 'தண்ணீர்த் தொட்டி' என்று எழுதிக்கொண்டார். என் வகுப்பில் ஏற்கெனவே இரண்டு பேர் நீர் நிரம்பியதும் மணியடிக்கும் தொட்டி செய்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்று, "அந்த டேங்க் இல்லை, சிஸ்டர். ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கி" என்று சொன்னதும் வகுப்பே கொல்லென்று சிரித்தது.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "பெண்பிள்ளைக்குப் போர்க்கருவி எதற்கம்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "எங்கள் தாத்தா அதைச் செய்தவர், சிஸ்டர்" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். புத்தகத்தைப் பார்த்து ஒப்பிக்கக் கூடாது. தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

வந்தது வினை. தாத்தா 1970-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். ஆனால் அந்த வேலையைப் பற்றி அவர் வீட்டில் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவராம். புகைப்படம் எடுக்கவும் அங்கே அனுமதி கிடையாது. அதனால் தாத்தா வேலை செய்கிற மாதிரி ஒரு படம்கூட எங்கள் வீட்டு ஆல்பத்தில் இல்லை. வெல்டிங் சத்தத்திலும் சுத்தியல் சத்தத்திலும் காது வேறு மந்தமாகிவிட்டது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துச் செய்தி பார்ப்பவர், எனக்குத் தெரிந்த தாத்தா அவ்வளவுதான்.

முதல் நாள் கேட்டபோது கையை அசைத்துவிட்டார். "உள்ளே என்ன இருக்குன்னு என்னைக் கேக்காதே. வெளியே தெரியறதை மட்டும் கேளு." சமையலறையிலிருந்து ஆயா, "கல்யாணம் ஆனதுல இருந்து எங்கிட்டயும் இதையேதான் சொல்றாரு" என்றார்.

சரி, வெளியே தெரிவதிலிருந்தே தொடங்குவோம் என்று அளவுகளைத் தேடி எடுத்தேன். இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961-இல் செய்த ஒப்பந்தத்தால் நமக்குக் கிடைத்தது இந்த டாங்கி. 1965-இல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தது. உடல் நீளம் சுமார் 7.9 மீட்டர், அகலம் சுமார் 3.17 மீட்டர். மாதிரி செய்கிறவர்கள் பெரும்பாலும் 35-இல் ஒரு பங்கு அளவில் செய்கிறார்கள். ஏன் முப்பத்தைந்து? பெரிய கணக்கு ஏதோ இருக்கும் என்று நினைத்தேன். ஜப்பானில் தாமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் ஒரு டாங்கி பொம்மை செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று உடலைச் சற்று அகலமாக்கியதாம். அளந்து பார்த்தால் 35-இல் ஒரு பங்கு வந்தது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. பேட்டரிதான் கணக்கு!

அப்படியானால் என் விஜயந்தாவின் உடல் 22.6 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம். பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் வரும் மாதிரிகளில் விஜயந்தா எங்கள் ஊர்க் கடைகளில் இல்லை. இருந்திருந்தாலும் அந்த விலைக்கு அப்பா சம்மதித்திருக்க மாட்டார். வீட்டில் தாராளமாகக் கிடைத்தது கல்யாணப் பத்திரிகை. உண்மையான டாங்கியில் முன்புறக் கவசத் தகடு 80 மில்லிமீட்டர் கனம். முப்பத்தைந்தால் வகுத்தால் 2.3 மில்லிமீட்டர். கெட்டியான கல்யாணப் பத்திரிகைகளை ஆறு அடுக்காக ஒட்டினால் ஏறக்குறைய அந்தக் கனம் வந்துவிடுகிறது. ஆகவே என் டாங்கியின் முன்புறத்தை எங்கள் உறவினர் ஆறு குடும்பத்தார் காத்து நிற்கிறார்கள்.

பீரங்கிக் குழலின் உள்விட்டம் 105 மில்லிமீட்டர். வகுத்தால் சரியாக 3. பால்பாயின்ட் பேனா ரீஃபிலின் பருமனும் அதுதான்! ரீஃபிலைச் சுற்றிப் பசை தடவிய காகிதத்தை இறுக்கிச் சுருட்டி, காய்ந்தபின் ரீஃபிலை உருவிவிட்டால் குழல் தயார். இந்த இடத்தில் நான் கொஞ்சம் கர்வப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கர்வம் சக்கரத்தில் அடிபட்டது. பக்கத்துக்கு ஆறு சக்கரம், மொத்தம் பன்னிரண்டு. தாத்தாவின் இன்சுலின் குப்பிகளின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடிகள் சக்கரம் போலவே நடுவில் குழிந்து அழகாக இருக்கும். ஆயா அவற்றைத் தாயக்கட்டத்துக்குக் காய்களாகச் சேர்த்து வைத்திருந்தார். கெஞ்சிக் கூத்தாடி வாங்கி ஒட்டிவிட்டேன். தாத்தா செய்தி இடைவேளையில் எட்டிப் பார்த்தார். முதல்முறையாக அவராகவே பேசினார்.

"ஒத்தச் சக்கரத்துல ஓட்டினா செயின் கழண்டுக்கும், பாப்பா."

ஒவ்வொரு சக்கரமும் உண்மையில் இரண்டு சக்கரமாம். சங்கிலிப் பட்டையின் உட்புறத்தில் வரிசையாகப் பல் நிற்கும். அந்தப் பல் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஓடுவதால்தான் வண்டி திரும்பும்போது பட்டை பக்கவாட்டில் நழுவாது. பார்க்கப் பன்னிரண்டு, எண்ணினால் இருபத்து நான்கு. இன்னும் பன்னிரண்டு மூடிக்கு நான் எங்கே போவேன்? நம் பள்ளி வளாகத்து மருந்தகத்தைக் கவனிக்கும் சிஸ்டரிடம் போய் நின்றேன். எதற்கு என்று கேட்டு, கதையைக் கேட்டு, மறுவாரம் ஒரு காகிதப் பையில் பதினான்கு மூடிகள் கொடுத்தார். "இரண்டு கூடுதலாக இருக்கட்டும், தொலைந்துபோகும்" என்றார். அவர் சொன்னபடியே தொலைந்தது.

அடுத்தது ஓட்டுநரின் மூடி. புனேயில் வேலை பார்க்கும் என் மாமா, இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாறிவிட்ட அகமத்நகரில் உள்ள குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகத்துக்கு எனக்காகவே போய், விஜயந்தாவைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நாற்பது படங்கள். எல்லாவற்றிலும் டாங்கிக்கு முன்னால் மாமாவின் பிள்ளைகள். அவர்கள் தலைக்கு மேலே தெரிந்ததைப் பார்த்து ஓட்டுநரின் மூடியை இடப்பக்கம் வைத்தேன். தாத்தா தலையை ஆட்டினார். "நீ வண்டிக்கு எதிர்ல நின்னு பாக்கறே. வண்டிக்குள்ள உக்காந்து பாரு." ஆமாம், ஓட்டுநர் வலப்பக்கம்! பிய்த்து மாற்றினேன். மேலே சுழலும் கோபுரத்தில் தளபதியும் சுடுபவரும் வலப்பக்கம், குண்டு நிரப்புபவர் இடப்பக்கம். ஆக உள்ளே நான்கு பேர். அட்டைப் பெட்டிக்குள் நான்கு பேர் உட்கார்ந்திருப்பதாக நான் அதுவரை நினைத்துப் பார்க்கவே இல்லை.

இனி நான் சொல்ல விரும்புவது தகடுகள் சேருகிற இடத்தைப் பற்றி. விஜயந்தாவின் உடல் முழுவதும் தகடுகளை வெல்டிங் செய்து இணைத்தது. மாதிரியில் அந்தத் தழும்பு தெரிய வேண்டும் என்று எம்-சீலை நூல் போல உருட்டி இணைப்புகளில் ஒட்டி, ஊசியால் குத்திவிட்டேன். எனக்குத் திருப்தியாகவே இருந்தது. தாத்தாவுக்குக் கண்ணில் புரை இருக்கிறது. அவர் பார்க்கவில்லை, கட்டை விரலால் தடவினார். "இது என்ன வெல்டிங்கா, புழு ஊர்ந்த தடமா?" என்றார்.

அன்று தொலைக்காட்சியை அவரே அணைத்தார். அந்தக் கனத் தகட்டை ஒரே இழுப்பில் பற்றவைக்க முடியாதாம். இரண்டு தகடுகளின் விளிம்பையும் சரிவாகச் சீவி, சேர்த்து வைத்தால் பள்ளம் போல வரும். முன்கூட்டியே சூடேற்ற வேண்டும்; இல்லாவிட்டால் ஆறும்போது வெடித்துவிடும். பள்ளத்தின் அடியில் முதல் கோடு. அது காய்ந்ததும் மேலே படிந்த கசடைச் சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பளபளவென்று இரும்பு தெரிந்தபிறகுதான் இரண்டாவது கோடு. இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகப் பள்ளம் நிறையும்வரை. "மேல் கோட்டைத்தான் எல்லாரும் பாப்பாங்க. அடிக் கோட்டுல கசடு மாட்டியிருந்தா வெளியே தெரியாது. உள்ளே நாலு பேர் இருக்காங்களே, அவங்களுக்குத்தான் தெரியும்."

பிறகு வாயில் குறுக்காக வெட்டிய ரீஃபில் துண்டு ஒன்றை எடுத்து, விரலை நீரில் நனைத்துக்கொண்டு, எம்-சீல் நூலின்மேல் ஒரே இடைவெளியில் அழுத்திக் காட்டினார். பிறை பிறையாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, வரிசை விழுந்தது. கை நடுங்கியது, வரிசை நடுங்கவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் அவர் செய்தார். மறுபக்கம் நான் செய்தேன். எது யாருடையது என்று தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

எடையும் ஒரு பாடமாயிற்று. விஜயந்தா சுமார் 39 டன். நீள அகல உயரம் மூன்றையும் முப்பத்தைந்தில் ஒன்றாகக் குறைத்தால் எடை 42,875-இல் ஒரு பங்காகும் என்று கணக்கு டீச்சர் சொன்னார். அதாவது சுமார் 910 கிராம். என் அட்டை டாங்கியோ மின்விசிறிக் காற்றில் நகர்ந்தது. தாத்தா தன் பழைய டப்பாவிலிருந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தார். உள்ளே கொட்டி, மளிகைக் கடைத் தராசில் வைத்துச் சரிபார்த்து, அடைத்தேன். கையில் எடுத்தால் இப்போது பொம்மை போல இல்லை.

பச்சை எனாமல் அடித்து முடித்தபின் நடந்ததை எழுதச் சங்கடமாக இருக்கிறது. மாதிரி செய்கிறவர்கள் அதைப் புத்தம் புதிதாக விடமாட்டார்கள். புழுதி, சேறு, துரு எல்லாம் ஏற்றினால்தான் உயிர் வரும் என்பார்கள். நானும் ஓரிரவு உட்கார்ந்து செங்கல் பொடியையும் காப்பிப் பொடியையும் பசையில் குழைத்துச் சக்கரங்களிலும் ஓரங்களிலும் பூசினேன். மிக நன்றாக வந்திருந்தது. காலையில் எழுந்து வந்தால், தாத்தா தோள் துண்டின் முனையை நனைத்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சண்டைக்குப் போற வண்டி அழுக்காத்தானே இருக்கும், தாத்தா!" என்று கத்தினேன்.

"எங்க கேட்டைத் தாண்டும்போது ஒரு வண்டியும் இப்படிப் போனதில்ல, பாப்பா."

சிறிது நேரம் துடைத்தார். பிறகு, 1971 டிசம்பரில் போர் நடந்தபோது இரவு பகலாக வேலை செய்ததையும், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வானொலிச் செய்திக்குக் காத்திருந்ததையும் சொன்னார். "எத்தனை வண்டி போச்சுன்னு எங்களுக்குத் தெரியும். எத்தனை பேர் திரும்பி வந்தாங்கன்னு யாரும் வந்து சொல்லல. நாங்களும் கேக்கல."

நான் இன்னொரு துணியை நனைத்து எடுத்துக்கொண்டு மறுபக்கத்தைத் துடைத்தேன். செங்கல் பொடி பிறைகளின் இடுக்கில் சிக்கிக்கொண்டு போகவே மறுத்தது. அதற்குப் பல் துலக்கும் பிரஷ் தேவைப்பட்டது.

கண்காட்சியன்று தாத்தா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து, என் மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். வந்தவர்கள் பலவும் கேட்டார்கள். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்றார்கள். ஒருவரின் அப்பா, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்டார். தாத்தா எதற்கும் வாய் திறக்கவில்லை. நானே எனக்குத் தெரிந்த அளவில் சமாளித்தேன். நடுவர்களில் ஒருவர், "ரொம்பப் புதிதாக இருக்கிறதே, கொஞ்சம் அழுக்குப்படுத்தியிருக்கலாம்" என்று குறிப்பெழுதினார். நான் தாத்தாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலையில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மேசை விளிம்பைப் பிடித்து எக்கிப் பார்த்து, "உள்ள இருக்கிறவங்களுக்குப் புகை அடிக்காதாக்கா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தாத்தா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். குழலின் நடுவில் ஒரு வீக்கம் இருக்கிறதே, நான் படத்தைப் பார்த்து வெறுமனே காகிதம் சுற்றி வைத்தது, அதைத் தொட்டுக் காட்டினார். சுட்டதும் புகையில் கொஞ்சம் இந்த அறைக்குள் போய் அடைந்துகொள்ளும். குண்டு வெளியே போனதும் இங்கிருந்து வாய்ப் பக்கமாகச் சீறிப் பாயும். பாயும்போது குழலில் மிச்சமிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பின்கதவு திறக்கும்போது உள்ளே இருப்பவர்கள் மேல் புகை வராது. அந்தப் பெண் அவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்ப சரி" என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அதன்பிறகு யார் வந்து நின்றாலும் தாத்தா அந்த வீக்கத்தைப் பற்றிச் சொன்னார். கூட்டம் கலையும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அது வெளியே தெரிவதுதானே!

முதல் பரிசு மணியடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்குக் கிடைத்தது. அது நியாயம்தான், மணி நன்றாக அடித்தது.

ஆயாவின் தாயக்கட்டத்துக்கு இப்போது புளியங்கொட்டைதான் காய். இந்த விடுமுறையில் நானும் தாத்தாவும் 'கார்த்திக்' செய்கிறோம். அது விஜயந்தாவின் அதே உடல்மேல் பீரங்கிக்குப் பதில் மடக்குப் பாலத்தைச் சுமந்து போய், வாய்க்கால்மேல் விரித்து வைக்கும் வண்டி. பாலத்துக்கு ஐஸ் குச்சி சரிவராது, வளைந்துவிடுகிறது. தகரம் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கண் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு.